மனுதாரரின் உள்நோக்கம்

அரசாங்கத்திடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது குடிமகனின் உரிமை என்று சட்டம் சொல்கிறது. எதற்காகக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இந்த இரண்டையும் அப்படியே நம்பியதுதான் கீழ்க்கழனி ராஜாராம் செய்த தப்பு.

ராஜாராமுக்கு ஐம்பத்திரண்டு வயது. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு சொகுசு விடுதியில் தோட்ட வேலை. திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற கீழ்க்கழனியில் அவருக்கு அரை ஏக்கர் நிலமும் ஓட்டு வீடும் விஜயகுமாரி என்ற மனைவியும் உண்டு. விஜயகுமாரிக்குச் சர்க்கரை. போன கார்த்திகையில் வலது உள்ளங்காலில் ஒரு முள் குத்தியது. தைப் பொங்கலுக்குள் அது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்ணாகிவிட்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வாரம் தவறாமல் உள்ளூர் டாக்டரிடம் காட்டி அழுகின சதையை எடுத்துக் கட்டுப் போட வேண்டும், விட்டுவிட்டால் காலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்று சொன்னார்கள். இந்தக் காலோடு இரண்டு பஸ் மாறி வாராவாரம் இங்கே வந்து வரிசையில் நிற்காதே, நின்றால் ஆறுகிற புண்ணும் ஆறாது என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

உள்ளூரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது. கட்டடம் இருந்தது, மாத்திரை இருந்தது, ஜாக்குலின் என்கிற நர்ஸ் இருந்தார். டாக்டர் ஹரிகிருஷ்ணன் என்று ஒரு பெயர்ப்பலகையும் இருந்தது. அந்தப் பெயருக்கு உரியவரைத்தான் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை வருவார் என்று ஒருவர் சொன்னார், வெள்ளிக்கிழமை என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். ராஜாராம் ஆறு வாரத்தில் ஆறு கிழமைக்கும் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டார். போன நாளிலெல்லாம் டாக்டர் ஒன்று நேற்று வந்திருந்தார், இல்லாவிட்டால் நாளைக்கு வருவதாக இருந்தார்.

இதற்காகப் போட்ட லீவுகளில் விடுதி மேனேஜர் பொறுமை இழந்துவிட்டார். ராஜாராமுக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. வேறு கிழமை வேண்டுமானால் மாற்றித் தருகிறேன், ஆனால் ஒரே ஒரு தடவைதான் மாற்றுவேன், கிழமையை முடிவு பண்ணிக்கொண்டு வா என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, ராஜாராமுக்கு இந்த உலகத்தில் தெரிய வேண்டியிருந்தது ஒரு கிழமையின் பெயர். அது தெரிந்தால் விஜயகுமாரியின் கால் பிழைக்கும். தெரியாவிட்டால் காலையே எடுத்துவிடுவார்கள்.

அவர் முதலில் நர்ஸைத்தான் கேட்டார். ஜாக்குலின் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் வாயால ஒரு கெழமைய சொல்லி, அன்னிக்கி அவரு வரலன்னா நாந்தான் மாட்டிப்பேன். நீ எழுதிக் கேளு அண்ணாத்த. எழுத்துல கேட்டா எழுத்துல சொல்லித்தான் ஆவணும்.”

எழுதுவதற்கு ராஜாராம் செங்கல்பட்டில் ஏசுதாஸின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். ஏசுதாஸ் பதினைந்து வருடமாக ஊராருக்குத் தகவல் மனு எழுதிக் கொடுப்பவர். இருபத்து நான்கு கேள்விகள் கொண்ட ஒரு மாதிரியைத் தயாராக வைத்திருந்தார். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். ராஜாராம் ஒரே ஒரு கேள்விதான் என்றதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒரே கேள்வியோடு ஒருவர் வந்து நிற்பது அவர் கடையில் இதுதான் முதல் தடவையாம்.

“இருபத்து நாலு கேட்டா, அவனுக்கு ஒண்ணும் தெரியல, வலைய வீசிப் பாக்கறான்னு வுட்ருவாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டா, எல்லாம் தெரிஞ்சு வச்சிகினு கேக்கறான்னு நெனப்பாங்க. யோசிச்சிக்கோ” என்றார்.

ராஜாராம் யோசித்தார். அவருக்கு வேறு கேள்வி எதுவும் தோன்றவில்லை. ‘கீழ்க்கழனி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் எந்தக் கிழமைகளில் வருகிறார்?’ என்று ஒரு வரி எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மனு போய்ச் சேர்ந்த அலுவலகத்தின் முழுப் பெயர் நமக்கு வேண்டாம். அலுவலகம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே நடந்தது ராஜாராமுக்குப் பின்னால் தெரிய வந்தது. பொதுத் தகவல் அலுவலர் கோபாலகிருஷ்ணன் மனுவைப் பிரித்து முன்பக்கம் படித்தார், பின்பக்கம் திருப்பினார், காலியாக இருந்த பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உறையைக் கவிழ்த்து உதறினார். வேறு தாள் எதுவும் விழாததால் அவருக்கு வேர்த்துவிட்டது. அன்று மாலையே நான்கு பிரிவுகளின் கண்காணிப்பாளர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போட்டார்கள். ஒரு வரியில் கேட்டிருக்கிறான் என்றால் பின்னால் வக்கீல் இருக்கிறார் என்றார் ஒருவர். எழுத்துப் பிழை இல்லை, அதனால் பத்திரிகைக்காரன் என்றார் இன்னொருவர். டாக்டர் எந்தக் கிழமை வருகிறார் என்பது உண்மையான கேள்வியாக இருக்கலாம் என்று நான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்தாம் நாள் ராஜாராமுக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை போனார். கோபாலகிருஷ்ணன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, எந்தக் கட்சி, எந்தச் சங்கம், துறையில் சொந்தக்காரர் யாராவது உண்டா, சட்டைப் பையில் இருக்கும் போன் ரெக்கார்டு ஆகிறதா என்று அன்பாக விசாரித்தார். ராஜாராம் எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். எல்லாவற்றுக்கும் இல்லை என்பவனை எப்படி நம்புவது? அலுவலர் கதவைச் சாத்தினார்.

“ஜெனரேட்டர் விஷயம்தானே?”

ராஜாராமுக்குப் புரியவில்லை. பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தது வினையாகப் போயிற்று.

“அது நான் இந்த சீட்டுக்கு வர்றதுக்கு முந்தி நடந்தது. டீசல் பில்லுல மட்டும்தான் என் கையெழுத்து. கீழ்க்கழனிக்கு ஜெனரேட்டரே வரலையே, மாசாமாசம் டீசல் எதுக்குன்னு நீங்க கேக்கலாம்.”

“நான் கேக்கலயே சார்.”

“பாத்தீங்களா, கேக்காமலே தெரிஞ்சு வச்சிருக்கீங்க” என்று கோபாலகிருஷ்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தான் இருபத்தெட்டு வருட சர்வீஸில் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாதவன் என்றும், இருந்த ஒன்றிரண்டும் கோப்பிலிருந்து எடுத்தாகிவிட்டது என்றும் சொன்னார். ராஜாராம் தனக்கு டீசல் வேண்டாம், கிழமை போதும் என்றார். அப்படிச் சொன்ன விதத்தில் ஏதோ மிரட்டல் இருப்பதாக அலுவலர் குறித்துக்கொண்டார்.

அந்த வார இறுதியில் வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. காண்டிராக்டர் மணி ஒரு முழு வாழைத்தாரோடு இறங்கி வந்தார். சுகாதார நிலையத்துச் சுற்றுச்சுவரைக் கட்டினவர் அவர்தான். மூன்று பக்கம்தான் கட்டினேன், நாலாவது பக்கம் வயல்வேலி இருக்கிறதே என்று விட்டுவிட்டேன், ஆனால் அந்த நாலாவது பக்கத்தை அளந்து சான்றிதழ் கொடுத்த இன்ஜினியர்தான் முதல் குற்றவாளி என்று அவராகவே ஒப்பித்தார். ராஜாராம் அதுவரை அந்தச் சுவருக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. மணி போனதும் கணவனும் மனைவியும் தாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா யாராவது ஒரு முழுத் தாரைக் கொடுப்பார்களா? விஜயகுமாரி இரண்டு பழத்தை உரித்து ஆட்டுக்குப் போட்டுவிட்டுச் சாயந்திரம் வரைக்கும் ஆட்டைக் கவனித்தார். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியும் பழத்தை மனிதர்கள் யாரும் தொடவில்லை.

ஊரும் மாறிவிட்டது. ராஜாராம் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஊராட்சி கிளார்க் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். ராஜாராம் பெரிய தொகை வாங்கிக்கொண்டுதான் மனு போட்டிருக்கிறார் என்று பாதி ஊரும், வாங்குவதற்காகப் போட்டிருக்கிறார் என்று மீதி ஊரும் நம்பின. ரேஷன் கடையில் அந்த மாதம் அரிசி சரியான எடையில் இருந்தது. அவருக்கு விவரம் தெரிந்த நாளாக அது நடந்ததில்லை. அரிசியிலும் என்னவோ சூது இருக்கிறது என்று அவர் அதையும் இரண்டு நாள் தனியாக வைத்திருந்தார்.

இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. ‘தாங்கள் கோரியுள்ள தகவல் மருத்துவர் என்ற மூன்றாம் நபரின் தனிப்பட்ட நடமாட்டம் சார்ந்தது. மேலும், மருத்துவர் வரும் நாட்களைத் தெரிவிக்கும் பட்சத்தில், அவர் வராத நாட்கள் தாமாகவே வெளிப்பட்டுவிடும். அவை தங்கள் மனுவில் கோரப்படாத தகவல்கள் ஆகும். கோரப்படாத தகவலை வழங்கச் சட்டத்தில் இடமில்லை என்பது பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.’

ராஜாராம் அதை மூன்று தடவை படித்தார். பணிவு என்ற சொல்லைப் பார்த்ததும் கோபம் வந்தது. விஜயகுமாரியின் புண் அதற்குள் பெருவிரலின் அடிவரைக்கும் ஏறியிருந்தது. ஓரம் கறுத்து, வீட்டில் சாம்பிராணி போட்டாலும் போகாத ஒரு வாடை. வராத டாக்டருக்கு அந்தரங்கம் ஒரு கேடா என்று கத்திவிட்டு, மறுநாளே மேல்முறையீட்டையும் எழுதிப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஹெல்மெட் போட்ட ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மனை பார்க்க வந்ததாகவும், இந்த ஊரில் நிலம் யாரிடம் கிடைக்கும் என்று விசாரிப்பதாகவும் சொன்னார். மனை பார்க்க வருகிறவர்கள் கீழ்க்கழனிக்குப் புதிதில்லை. ஆனால் இவர் மண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ராஜாராமுக்கு யார் யார் பழக்கம், செங்கல்பட்டுக்கு அடிக்கடி போவாரா, படிக்கிற பத்திரிகை எது என்றே சுற்றிச் சுற்றி வந்தார். ராஜாராமுக்கு ஆள் மேல் சந்தேகம் தட்டிவிட்டது. உளவுப் போலீஸ் என்று நினைத்துக்கொண்டு அளந்து அளந்து பேசினார்.

விஜயகுமாரி முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மனை பார்க்க வந்தவர் பேச்சை நடுவிலேயே விட்டுவிட்டார். கண் அந்தக் காலுக்குப் போனது. பிறகு கையும் போனது. புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினார், குனிந்து முகர்ந்தார், சர்க்கரை எவ்வளவு, எத்தனை நாளாக இப்படி, காய்ச்சல் உண்டா என்று கேட்டுக்கொண்டே வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்.

“மனை பாக்க வந்தவரு இன்னாத்துக்கு என் காலப் பாக்கறீங்க?” என்றார் விஜயகுமாரி.

அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். நேரம் கடந்துவிட்டது. நான்தான் ஹரிகிருஷ்ணன் என்று ஒப்புக்கொண்டார். இந்த ஊரில் தன்னை யாருமே பார்த்ததில்லை, அதனால் அடையாளம் தெரியாது என்று நம்பித்தான் வேஷம் கூடப் போடாமல் வந்ததாகச் சொன்னார்.

மெதுவாக மற்றதும் வெளியே வந்தது. அவருக்குச் சிங்கப்பெருமாள் கோயிலில் சொந்த கிளினிக் இருக்கிறது. கம்பெனி ஆட்களுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் எழுதவே நேரம் போதவில்லை. இங்கே வரக்கூடாது என்று அவருக்கு எந்த வைராக்கியமும் இல்லை. இத்தனை வருடத்தில் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு. மனுதாரர் உங்கள் எல்லைக்குள் வசிக்கிறார், அவருடைய உள்நோக்கம் என்ன, பின்னால் இருப்பது யார் என்பதை வாரம் ஒரு முறை நேரில் கண்டறிந்து அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்குத்தான் ராஜாராம் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத் திங்கட்கிழமை வந்தாராம்.

சொல்லிக்கொண்டே பைக் பெட்டியிலிருந்து கத்தியும் பஞ்சும் எடுத்து அழுகின சதையைச் சுரண்டி எடுத்தார். நல்ல கைவேலை. அரைமணி நேரம் ஆனது. விஜயகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ராஜாராம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாதக்கணக்கில் தேடின ஆள் தன் வீட்டுத் தரையில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கட்டி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு டாக்டர் கேட்டார்.

“இப்ப சொல்லுங்க. உண்மையில எதுக்கு அந்த மனு?”

ராஜாராம் உண்மையைச் சொன்னார். நீங்கள் எந்தக் கிழமை வருவீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். டாக்டர் சிரித்தார். நான் வெளியே சொல்ல மாட்டேன், தைரியமாகச் சொல்லுங்கள் என்றார். ராஜாராம் தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் டாக்டர் நம்பாமல் போய்விட்டார். அன்று அனுப்பிய அறிக்கையில், ‘மனுதாரரின் மனைவிக்கு வலது பாதத்தில் ஆழமான புண் உள்ளது. உள்நோக்கம் இன்னும் பிடிபடவில்லை. தொடர்ந்து கண்காணிப்பது அவசியம்’ என்று எழுதினார்.

அடுத்த திங்கட்கிழமைக்கு ராஜாராம், உள்நோக்கம் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளோடு காத்திருந்தார். விஜயகுமாரி அதை வாங்கி அடுப்பில் போட்டார்.

“உனுக்கு உள்நோக்கம் இல்லன்னு அவருக்கு நம்பிக்க வந்துட்டா, அப்பறம் இன்னாத்துக்கு வருவாரு? கொஞ்சம் திருட்டு முழி முழி. காலு ஆறட்டும்.”

ராஜாராமுக்குத் திருட்டு முழி வராது. பிறவியிலேயே சாதுவான முகம். ஆனாலும் மனைவியின் காலுக்காக முயற்சி செய்தார். டாக்டர் ஏதாவது கேட்டால் வாசலைப் பார்ப்பார், இருமுவார், அதை இப்ப சொல்ல முடியாது சார் என்பார். ஒருநாள் ஏசுதாஸ் போன் செய்தபோது எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஜெராக்ஸுக்குத் தரவேண்டிய எட்டு ரூபாயைப் பற்றிய பேச்சு அது. அந்த வாரம் அறிக்கை இரண்டு பக்கத்துக்கு நீண்டது. புண் ஓரங்களில் சிவந்து புதுச் சதை வைத்தது.

பக்கத்து வீட்டுப் பூங்கொடி சும்மா எட்டிப் பார்ப்பதுபோல் வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டார். அதைக் கண்டு தெருவே திங்கட்கிழமை காலையில் ராஜாராம் வீட்டில் எதையாவது கடன் கேட்க வந்தது. டாக்டருக்கு இவர்களெல்லாம் கூட்டாளிகள் என்று பட்டதால் ஒருவரையும் விடாமல் விசாரித்தார். விசாரிக்கும்போது நாடியும் பார்த்தார். ‘மனுதாரரின் குழுவில் இப்போது பதினோரு பேர் உள்ளனர். அவர்களில் ஏழு பேருக்கு ரத்த அழுத்தம், இருவருக்குக் கண்புரை. மாத்திரை வழங்கி நெருங்கிப் பழகி வருகிறேன்’ என்று ஆடி மாதத்து அறிக்கை ஒன்றில் இருக்கிறது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மேல்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. புண் அப்போது கால் பங்காகச் சுருங்கியிருந்தது. இன்னும் இரண்டு மாதம் போனால் மூடிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஜயகுமாரி கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கலங்கிப் போனார்.

“அவங்க பாட்டுக்கு பதில சொல்லித் தொலச்சிட்டாங்கன்னா?”

தகவல் கேட்டுப் போன ராஜாராம், தகவல் கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு செங்கல்பட்டில் இறங்கினார். அன்றைக்கென்று தகவல் அறியும் உரிமை விழிப்புணர்வுப் பேரணி வேறு நடந்துகொண்டிருந்தது. பொதுமக்கள் தரப்பில் ஆள் குறைந்ததால் அலுவலக வாசலில் நின்ற ராஜாராமைப் பிடித்து, ‘கேட்பது உங்கள் உரிமை, சொல்வது எங்கள் கடமை’ என்ற பேனரின் ஒரு முனையைக் கொடுத்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடக்க விட்டார்கள். மறுமுனையைப் பிடித்திருந்தவர் கோபாலகிருஷ்ணன். வழிநெடுக அவர் ராஜாராமின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேல்முறையீட்டு அலுவலர் கல்யாணி நிதானமான பெண்மணி. கோப்பின் கயிற்றை அவிழ்த்து, ராஜாராமை உட்காரச் சொல்லி, முதலில் தன் கொள்கையை விளக்கினார்.

“பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல நான் யாருக்கும் தகவல் மறுத்ததே கிடையாது. கொடுக்காம இருந்திருக்கேன், அது வேற. நாங்க எதையோ மறைக்கிறோம்னு ஜனங்க நினைக்கிறாங்க. மறைக்கணும்னா முதல்ல அது எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? அதனாலதான் நாங்க எதையும் தெரிஞ்சுக்கிறதே இல்லை. இந்த டாக்டர் எப்ப வர்றார்னு நீங்க கேக்குற வரைக்கும் எங்களுக்கு ஒரு கவலையும் இல்லாம இருந்தது. ஒரு அலுவலகத்தோட நிம்மதியை நீங்க கெடுத்திருக்கீங்க.”

ராஜாராமுக்கு மனம் குளிர்ந்தது. இந்த அம்மாள் எப்படியும் மறுத்துவிடுவார் என்று தோன்றியது. அந்தத் தெம்பில், மனுவைப் போட்ட நாளிலிருந்து பேசியதிலேயே பெரிய தவறான வாக்கியத்தைப் பேசிவிட்டார்.

“அவசரம் இல்லங்க மேடம். நீங்க மெதுவாவே குடுங்க. குடுக்காட்டியும் எனக்கு சந்தோசந்தான்.”

கல்யாணி கண்ணாடியைக் கழற்றினார். கோபாலகிருஷ்ணன் குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னார். கொடுக்காவிட்டாலும் சந்தோஷம் என்று ஒரு மனுதாரன் சொல்கிறான் என்றால், கொடுக்காததை வைத்து அடுத்த இடத்துக்குப் போகத் தயாராக இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? நீதிமன்றமோ, டெல்லியோ, தொலைக்காட்சியோ. கல்யாணி அங்கேயே உத்தரவு எழுதினார்: ஏழு நாட்களுக்குள் முழுத் தகவலும் கட்டணமின்றி வழங்கப்பட வேண்டும். ராஜாராம் வேண்டாம் மேடம் என்று எழுந்து கும்பிட்டார். அதைப் பார்த்து ஏழு என்பதை ஐந்தாகத் திருத்தினார்.

ஐந்தாம் நாள் நூற்றுப் பதினெட்டுப் பக்கத்தில் கட்டு வந்தது. முதல் பக்கத்தில் விடை இருந்தது: ‘மருத்துவர் அனைத்துக் கிழமைகளிலும் தவறாமல் வருகை புரிகிறார்.’ மீதி நூற்றுப் பதினேழு பக்கமும் அதற்கு ஆதாரம். வருகைப் பதிவேட்டின் நகல்கள். டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்திருந்தார். பொங்கல் நான்கு நாளும் வந்திருந்தார். கொரோனாவில் படுத்திருந்ததாக அவரே சொன்ன மாதத்திலும் ஒருநாள் விடாமல் கையெழுத்து இருந்தது. கடைசியில், மனுதாரர் கோரிய தகவல் முழுமையாக வழங்கப்பட்டுவிட்டதால் கோப்பு முடித்து வைக்கப்படுகிறது, அது தொடர்பான அனைத்துக் கண்காணிப்பும் ரத்து செய்யப்படுகிறது என்று இரண்டு வரி.

விடுதி மேனேஜர் முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார். எல்லா நாளும் வருகிறார் என்று கவர்மெண்டே எழுதிக் கொடுத்த பிறகு உனக்குத் திங்கட்கிழமையே போதுமே என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை டாக்டர் வரவில்லை. தெருவில் ஏழு பேர் மத்தியானம் வரை காத்திருந்துவிட்டுக் கலைந்தார்கள். அடுத்த திங்களும் வரவில்லை. ராஜாராம் போன் செய்தால் மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாம் வாரம் விஜயகுமாரியைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனார். ஜாக்குலின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மூடிக்கொண்டு வந்த புண்ணின் ஓரம் மறுபடி கறுக்க ஆரம்பித்திருந்தது. ஃபைல் குளோஸ் ஆயிடுச்சாம், இனிமே இந்தப் பக்கம் வர்றதுக்கு வேலை இல்லைன்னு சொல்லிட்டாரு என்றார். அவரால் ராஜாராமின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ராஜாராம் வீட்டுக்கு வந்ததும் ஆத்திரத்தோடு பேனாவை எடுத்தார். எல்லாக் கிழமையும் வருகிறார் என்று ஏன் பொய் எழுதினீர்கள், ஜெனரேட்டர் எங்கே, நாலாவது சுவர் எங்கே, டாக்டருக்குச் சம்பளம் எதற்கு என்று பக்கத்தை நிரப்பினார். இத்தனை நாள் தன் காதில் விழுந்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது. இருபது கேள்விக்கு மேல் ஆகிவிட்டது.

விஜயகுமாரி அதைப் படித்துப் பார்த்தார்.

“இதுக்கெல்லாம் அவங்க ஆளு வச்சி பதில் எழுதிடுவாங்க. முப்பதாவது நாளு இன்னொரு கட்டு வரும். எனுக்கு கட்டா வேணும்? டாக்டர்தான் வேணும். ஒண்ணே ஒண்ணு கேளு. சின்னதா கேளு.”

“இன்னா கேக்கறது?”

விஜயகுமாரி கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். சுகாதார நிலையத்தில் உட்கார இடமில்லாமல் அன்றைக்கு வாசற்படியில் உட்கார்ந்திருந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“நாக்காலி எத்தினி கீதுன்னு கேளு.”

புதன்கிழமை தபால் போனது. அடுத்த திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஹரிகிருஷ்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“நாற்காலி விஷயத்தை உங்களுக்கு யார் சொன்னது?”

ராஜாராம் வாசலைப் பார்த்தார், இருமினார். விஜயகுமாரி காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார்.

“மொதல்ல இதப் பாருங்க சார். அப்பறம் சொல்றோம்.”

டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வெந்நீர் கேட்டார்.